அரபிப் பொத்தி அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கம்பெனி பஸ்ஸில் என் பின்சீட்டிலிருந்து ஒரு பெண் போனில் “ஓம்… ஓம்… ஓம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். விடியற்காலை ஐந்தரை மணி. நான் மதுரைக்காரி. பாவம், ஏதோ ஜபம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது யாழ்ப்பாணத்து ‘ஆமாம்’ என்று தெரிந்தது. எதிர்முனையில் அவருடைய மகள். இந்த வருஷத்தோடு போதும், வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அவள் கேட்பதற்கெல்லாம் அம்மா ஓம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லத் தொடங்கி அப்போதே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான, கனத்த உடம்பு. இடது முழங்காலை மடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நேபாளிகளும் பிலிப்பைன்ஸ் பெண்களும் அதுதான் அவர் பெயர் என்றே நினைத்திருந்தார்கள்.

எங்களுடையது துபாயின் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பெரிய சமையல்கூடம். ஆபீஸ்களுக்கும் பள்ளிகளுக்கும் விருந்துகளுக்கும் அங்கிருந்து சாப்பாடு போகும். நான் படித்தது ஊட்டச்சத்துப் படிப்பு. அங்கே என் வேலை, ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டும் லேபிளில் இதில் என்ன இருக்கிறது, கொழுப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதுவது. அதோடு ஒரு நாளைக்கு மூன்று முறை தெர்மாமீட்டரோடு குளிர் அறைகளைச் சுற்றி வந்து, எத்தனை டிகிரி என்று பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் போடுவது. அக்கா குளிர்ப் பகுதியில் இருந்தார். சாலட், ஹம்முஸ் எனும் கொண்டைக்கடலை மசியல், எண்ணெயில் ஊறவைக்கும் காய்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

அந்த எண்ணெய்க் காய்களில் ஒன்றுதான் ஆர்ட்டிசோக். நான் அதுவரை பார்த்ததில்லை. தாமரை மொட்டைப் போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு இதழும் தோல் மாதிரித் தடிப்பு, நுனியில் முள். அரபிகள் அதை ‘அர்தி ஷோக்கி’ என்பார்கள். அக்கா அதற்கு ‘அரபிப் பொத்தி’ என்று பெயர் வைத்திருந்தார். பொத்தி என்றால் அவர்கள் ஊரில் வாழைப்பூ. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. வாழைப்பூவைப் போலவே மடல் மடலாக உரிக்க வேண்டும், பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். வாழைப்பூவில் கள்ளனை எடுப்பது போல இதன் நடுவே இருக்கும் மயிரைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். வெட்டிய நிமிஷமே கறுக்கத் தொடங்கிவிடும் என்பதால் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் உடனே போட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரு கைக்குள் அடங்கும் மிருதுவான அடிப்பாகம். அதை வினிகர் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, பூண்டும் புதினா போன்ற ஒரு காய்ந்த இலையும் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் மூழ்க வைப்பார். அவருடைய கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் கறுத்தே இருக்கும். சோப்புக்குப் போகாத கறை.

எங்கள் செஃப் லெபனான்காரர். நல்ல மனிதர், கோபக்காரர். ஒருநாள் ஆர்ட்டிசோக்கை ருசி பார்த்துவிட்டு, புளிப்பு தூக்கலாக இருக்கிறது, வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள், வினிகரைப் பாதியாகக் குறை என்றார். அக்கா ஓம் என்றார். பிறகு எப்போதும் போல முழு அளவு ஊற்றினார். ஒரு வாரம் கழித்து செஃப் மறுபடியும் ருசி பார்த்து, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். அதற்கும் அக்கா ஓம் சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். செஃப் போனதும், ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

“புளி குறைஞ்சா எண்ணெய்க்குள்ள என்னவும் பிடிச்சிடும் பிள்ளை. அவருக்கு அது தெரியும். மறந்து போறார்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. எண்ணெய்க்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில்தான் வளரும் ஒரு கிருமி இருக்கிறது. புளிப்பும் குளிரும்தான் அதை அடக்கி வைக்கும். அது வளர்ந்தால் மணம் மாறவேண்டும் என்றில்லை, நிறம் மாறவேண்டும் என்றில்லை. தின்றவனுக்கு நரம்பைப் பிடித்துவிடும். பரீட்சைக்கு எழுதி மறந்து போனதை அக்கா எந்தப் பரீட்சையும் எழுதாமல் கையில் வைத்திருந்தார்.

எங்கே கற்றார் என்பது ஒருநாள் பஸ்ஸில் தெரிந்தது. துபாய்க்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் சவூதியில், யான்புவில், ஒரு வீட்டில் வேலைக்கு இருந்திருக்கிறார். வீட்டுக்காரர் ரிஃபைனரியில் எஞ்சினியர். வீட்டம்மா சிரியாக்காரி. சீசனில் மூட்டை மூட்டையாக ஆர்ட்டிசோக் வாங்கி வருஷத்துக்கும் போட்டு வைப்பாளாம். அவள்தான் இந்தப் பக்குவமெல்லாம் சொல்லிக்கொடுத்தது. அவள்தான் கையை ஓங்கவும் செய்தது.

“துவக்கத்தில நான் பதில் சொல்லுவன். ஏன், எதுக்கு எண்டு கேப்பன். அடிதான் விழும். பிறகு ஓமெண்டு மட்டும் சொல்லப் பழகினன். ஓமெண்டு சொன்னா ஆரும் மேல கதைக்க மாட்டினம். அதுக்குப் பிறகு எனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்வன்.”

வெளியே மணல்நிறக் கட்டடங்கள் போய்க்கொண்டிருந்தன. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. கடையில் சாமான் என்ன விலை என்று சொல்வது போலச் சொன்னார்.

எண்ணெயைக் கொட்டச் சொன்ன கதையும் உண்டு. ஊறிய ஆர்ட்டிசோக்கைப் பரிமாற எடுத்த பிறகு பாத்திரத்தில் பச்சை கலந்த மஞ்சளில் நல்ல வாசனையுள்ள எண்ணெய் மிஞ்சும். அதைச் சாக்கடையில் கொட்டாமல் தனி டிரம்மில் ஊற்ற வேண்டும் என்பது விதி. அக்கா ஓம் சொல்லிவிட்டு அன்றைய எண்ணெயை அன்றைக்கே எங்கள் மதியச் சாப்பாட்டுப் பருப்புக்குத் தாளிப்பார். ஒரு நாள் தாண்டிய எண்ணெயை ஒருபோதும் தொடமாட்டார். உடைந்து போன, விருந்துக்கு அனுப்ப முடியாத துண்டுகளை வெந்நீரில் அலசி, புளிப்பையும் உப்பையும் போக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு ‘வறை’ செய்வார். நாம் பொரியல் என்போமே, அது. முதல் நாள் செஃப் எட்டிப் பார்த்தார். ஆர்ட்டிசோக் பீட்சாவுக்கு, பாஸ்தாவுக்கு, சாண்ட்விச்சுக்கு. இதென்ன அநியாயம் என்று அரபியில் புலம்பினார். பிறகு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் போனார். மறுநாளிலிருந்து அவருக்கும் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கும்படி ஆயிற்று.

நார்ச்சத்து மிகுந்த காய் அது, அதிகம் தின்றால் வயிறு உப்பும் என்று நான் எச்சரித்தேன். “இந்த வேலைக்கு வயிறு மட்டுந்தான் உப்பேல்லை எண்டு குறை. காலெல்லாம் உப்பித்தானே கிடக்கு” என்றார் அக்கா. மேசையில் எல்லோரும் சிரித்தோம். அவர் கால் நிஜமாகவே வீங்கித்தான் இருந்தது.

அதற்காக நான் அவரிடம் பல முறை சண்டை போட்டேன். இரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறது, தேராவில் அவர் ரூமுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கிளினிக். நாளைக்குப் போங்கள் என்பேன். ஓம் என்பார். போனீர்களா என்று கேட்டால் அதற்கும் ஓம். பிறகு அவர் ரூமில் இருக்கும் பெண் சொல்லித் தெரியும், போகவேயில்லை என்று. எனக்கு எரிச்சலாக வரும். மகளுக்குச் சொன்ன ஓமும் இதே வகைதான் என்று அப்போது தோன்றும். அவர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. யாருக்கும் பிடிகொடுத்ததும் இல்லை. அவரிடம் அன்பு காட்டுவதும் ஒரு வகையில் அலுப்பான காரியம்தான்.

ஒரு முறை மட்டும் அவர் நேராகக் கேள்வி கேட்டார். அது என்னிடம்.

மார்க்கெட்டிங் ஆட்கள் எண்ணெய் ஆர்ட்டிசோக்கைச் சின்னக் குப்பிகளில் அடைத்து ஆபீஸ் சாப்பாட்டோடு விற்கத் திட்டம் போட்டார்கள். லேபிளில் ‘கலோரி குறைவு, இதயத்துக்கு நல்லது’ என்று வரவேண்டும் என்றார்கள். ஆர்ட்டிசோக்கில் கலோரி குறைவு என்பது உண்மை. எண்ணெயில் ஊறிய பிறகு அந்த உண்மை பாதியாகிவிடும். அதற்கு அவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: எண்ணெயை முழுக்க வடித்து, காகிதத்தால் ஒற்றியெடுத்து, பிறகு எடைபோட்டுக் கணக்கெழுது. வடிகட்டிய எடை என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிடலாம். நான் அக்காவின் மேசை ஓரத்தில் நின்று ஒவ்வொரு துண்டாக ஒற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப எண்ணெயை ஆர் குடிக்கிறது பிள்ளை?”

வடித்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்றேன்.

“இப்பிடித் துடைச்சோ?”

நான் அடுத்த துண்டை எடுத்து ஒற்றினேன். லேபிள் அவர்கள் கேட்டபடியே போனது. அக்கா அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் குப்பிகளை எடுத்துப்போக வரும் டிரைவர்களிடமெல்லாம், பிரஷர் இருந்தால் தண்ணீரில் அலசித் தின்னுங்கள், எண்ணெயோடு தின்றால் ரெண்டு துண்டு போதும் என்று தனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கத்தாரில், ராஸ் லஃபானில், கான்ட்ராக்ட் முடிந்து துபாய் வந்து ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தார். அவரும் மகளும் என் விசாவில்தான் இருந்தார்கள். மகள் பத்தாம் வகுப்பு. காலையில் நான் கிளம்பும்போது அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கதவைத் தாண்டுவது அப்போதெல்லாம் எனக்கு மலையேறுவது போல இருந்தது. இதை நான் செய்ததற்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

ஒரு பள்ளியின் பெற்றோர் நாள் விருந்துக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை மதியம் போகவேண்டும். அக்கா வெள்ளிக்கிழமை இரண்டு பேரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆர்ட்டிசோக் உரித்தார். சனிக்கிழமை அவருக்கு விசா புதுப்பிக்கும் மெடிக்கல் இருந்ததால் வேகவைக்கும் வேலையை செஃப் தானே செய்தார். பத்து பெரிய டப்பாக்களில் எண்ணெயில் போட்டுக் குளிர் அறையில் வைத்தார். அக்கா சாயங்காலம் வந்து ஒரு துண்டை எடுத்து ருசி பார்த்துவிட்டு, இந்த முறை புளி குறைந்து போயிற்று என்று என்னிடம் சொன்னார். குளிர் அறையில் இருக்கும்வரை பரவாயில்லை, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

ஞாயிறு கிச்சன் விடுமுறை. திங்கள் காலை குளிர் அறைக் கதவைத் திறந்தபோது முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது. கம்ப்ரஸர் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியாது. சுவர் தெர்மாமீட்டர் இருபத்தொன்பது காட்டியது. கோழி, பால், நறுக்கிய காய் எல்லாம் நாறிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை, உடனே குப்பைக்குப் போயின. ஆர்ட்டிசோக் டப்பாக்கள் மட்டும் திறந்தால் பூண்டு வாசனையோடு, பொன்னிறமாக, சனிக்கிழமை வைத்தபடியே இருந்தன. அதுதான் வினையாயிற்று.

கிச்சன் மேனேஜர் நம் ஆள், கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்கும் மேலேயிருந்து நெருக்கடி. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு விருந்துக்குச் சாப்பாடு தாமதமாகப் போய் ஒரு பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போயிருந்தார். மெக்கானிக் வந்து ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸரை ஓடவைத்தான். மேனேஜர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார்.

“இப்ப கூல் ஆயிருச்சுல்ல, நாலு டிகிரின்னு போட்டுருங்க. நேத்து லீவு, அதையும் சேர்த்துப் போட்டுருங்க. எண்ணெயில இருக்கற பொருள், வினிகர் வேற இருக்கு. ஊறுகாய் மாதிரிதான். ஒண்ணும் ஆகாது.”

ஊறுகாய் இல்லை சார், இதில் உப்பும் புளிப்பும் அந்த அளவு இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நான் பேனாவை எடுத்தேன். நாலு. நாலு. நாலு. நேற்றைய மூன்று கட்டம், இன்றைய காலைக் கட்டம், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அவர் அக்காவின் மேசைக்குப் போய், மற்ற சாலட்டெல்லாம் புதிதாகச் செய்துகொள்ளலாம், இதை மட்டும் அப்படியே தட்டுகளில் எடுத்து வையுங்கள் என்றார். அக்கா அவரை ஒரு தடவை பார்த்தார்.

“ஓம்” என்றார்.

எனக்கு அந்த ஓம் எப்படிப்பட்டது என்று தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. அவர் திருப்தியாகப் போய்விட்டார். நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அக்கா பாத்திரம் கழுவும் பச்சைத் திரவக் கேனை எடுத்து வந்தார். ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குவளை ஊற்றினார், கரண்டியால் ஒருமுறை கலக்கினார், மூடினார். அவசரமே இல்லை. ஒன்றைக்கூட விடவில்லை. முழங்கால் வலியால் நடுவில் ஒருமுறை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் உட்காராமல் உரித்த காய் அது.

கையைக் கழுவிக்கொண்டு, “முடிஞ்சுது பிள்ளை. ஹம்முஸை கொஞ்சம் கூடப் போடுவம், தட்டு நிறைஞ்சிடும்” என்றார்.

பதினொரு மணிக்கு மேனேஜர் கத்தியது வெளியே லோடிங் இடம்வரை கேட்டது. யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று அக்கா சொன்னார். எதற்கு என்று கேட்டார். குளிர் போய்விட்டது, வைத்திருக்கக் கூடாது என்றார். மேனேஜர் என் கையிலிருந்த பதிவேட்டைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நாலு டிகிரி. பாருங்க. சைன் இருக்கு. எதை வச்சு நீங்க சோப்பைக் கொட்டுனீங்க?”

அக்கா பதிவேட்டைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிப்பார், எண்கள் நன்றாகத் தெரியும். கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சுவர் தெர்மாமீட்டரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் காலையில் பார்த்திருந்தோம். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும்.

“பதிவு சரியாத்தான் இருக்கும் சேர்” என்றார். “எனக்குத்தான் மனம் ஒப்பேல்லை.”

நான் வாய் திறக்கவில்லை. திறக்க நிறைய நேரம் இருந்தது. அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்த நேரம் இருந்தது. ஆபீஸ் அறைக்கு அந்தச் சாய்ந்த நடையில் நடந்துபோன நேரம் இருந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டு நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். ‘குளிர் அறை பதிவேட்டின்படி நான்கு டிகிரி. சம்பந்தப்பட்ட ஊழியர் அனுமதியின்றிப் பொருளை அழித்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘பதிவேட்டின்படி’ என்ற வார்த்தையைப் போட்டதில் கொஞ்சம் உண்மை மிச்சமிருப்பதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விருந்து நன்றாகவே நடந்தது. ஆர்ட்டிசோக் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்து டப்பாவையும் அப்படியே பரிமாறியிருந்தால் ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. அந்தக் கிருமி எல்லா டப்பாவிலும் இருப்பதில்லை. இருந்தாலும் ஒரு நாளில் வளர்ந்திருக்கும் என்று நிச்சயம் இல்லை. மேனேஜர் சொன்னது சரியாக இருந்திருக்கலாம். இதை நான் எத்தனையோ தடவை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். விடை வருவதில்லை. எனக்குக் களைப்பு மட்டும்தான் வருகிறது.

அக்காவை அந்த வாரமே வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஷார்ஜாவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்து விசா மாற்றிக்கொண்டார் என்று அவர் ரூம் பெண் சொன்னாள். சிரியாக்காரக் குடும்பம். தனியாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் காலையில் போய் இரவில்தான் வருவான். சமைக்கிறதும் அக்கா, குளிக்க வைக்கிறதும் அக்கா. யான்புவை விட்டு வந்தபோது, இனிமேல் வீட்டு வேலைக்கு மட்டும் போவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தது எனக்குத் தெரியும். பஸ்ஸில் அவரே சொன்னதுதான்.

நான் போக ஐந்து மாதம் பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு அதற்குள் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேராவிலிருந்து பஸ் ஏறினேன். வழி முழுக்க, போனதும் என்ன சொல்வது என்று வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த அக்கா மெலிந்திருந்தார். “வாரும் பிள்ளை, உள்ள வாரும்” என்று அடுக்களைக்கே கூட்டிப்போனார். முன்னறையில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை போலும். சின்ன அடுக்களை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவருடையது. என்னை அதில் உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு கூடை ஆர்ட்டிசோக். கிழவிக்குப் பல் இல்லை, வேகவைத்து மசித்து எண்ணெய் விட்டுக் கொடுத்தால் மட்டும் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுகிறாள் என்றார். என் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் இரண்டு கையையும் கூப்பி, பெரிய நிம்மதி பிள்ளை என்றார். சோறும், பருப்பும், எனக்காகவே செய்த அந்த வறையும் வைத்தார். நான் வருவேன் என்று சொன்னதால் காலை நாலு மணிக்கே எழுந்து எல்லா வேலையையும் முடித்திருக்கிறார். அவராகச் சொல்லவில்லை. கழுவித் துடைத்த தரையைப் பார்த்தால் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் கவிழ்த்து வைத்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தேன்.

“அக்கா, அன்னிக்கு அந்த ரெஜிஸ்டர்ல நான் போட்டது…” என்று தொடங்கினேன்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. தண்ணி குடிச்சனீரோ?”

இல்லை என்றேன். எழுந்துபோய் ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுத்து, ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். அவருக்கு ஒன்று ஊற்றினேன். அந்த ஒரு நிமிஷத்தில் முதல் வாக்கியத்தை மறுபடி சரிசெய்துகொண்டேன். நான் பொய் எழுதினேன் அக்கா, என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆனது. அவ்வளவுதான். டம்ளரோடு திரும்பினேன்.

அக்கா தூங்கிவிட்டிருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்து மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. கறுத்த விரல்கள் மடியில் விரிந்து கிடந்தன. வீங்கிய காலில் செருப்பின் வார் பதிந்து பள்ளமாக இருந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. சாப்பிட்ட தட்டுகளைக் குழாயை மெல்லத் திறந்து கழுவிக் கவிழ்த்தேன். கூடையில் மிச்சமிருந்த ஆர்ட்டிசோக்கை எடுத்து, அவர் செய்வது போலவே மடல் மடலாக உரித்து, நடுவே இருந்ததைச் சுரண்டி, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன். எனக்குக் கை வரவில்லை, இரண்டு இடத்தில் முள் கிழித்தது. உள்ளறையில் கிழவி மணி அடித்தாள். அக்கா எழுந்துவிடப் போகிறாரே என்று ஓடினேன். கட்டிலில் ஒரு சின்ன உருவம். அரபியில் என்னவோ கேட்டாள். நான் யார் என்று கேட்கிறாள் என்று ஊகித்து, எனக்குத் தெரிந்த ஒரே உறவுச்சொல்லைச் சொன்னேன். உக்த். தங்கை. அவள் அடுக்களைப் பக்கம் கை காட்டி, கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டாள், தூங்குகிறாளா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். கிழவி உதட்டின்மேல் விரலை வைத்தாள். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள். கொண்டுவந்து குடிக்க வைத்தேன்.

நாலரைக்கு எனக்குப் பஸ். அதுவரை வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் விழிக்கவில்லை. ஆர்ட்டிசோக் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.